கோலசிலாங்கூர்த் தோட்டங்களின் திருநாள் வருஷம்

லண்டன் மாநகரில் துணி வணிகர், மீன் வணிகர், பொற்கொல்லர், தையற்காரர் என்று தொழிலுக்கு ஒன்றாக ஏற்பட்ட பழைய சங்கங்கள் பல இன்றும் ஜீவித்து வருகின்றன. அவற்றுள் முதலிடம் பெற்ற துணி வணிகர் சங்கம் 1394ஆம் ஆண்டில் அரச சாசனம் பெற்றது. எந்தச் சங்கத்துக்கு எந்த இடம் என்ற வரிசை 1515ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. புதிய தலைவர் பதவியேற்கும் நாள், தேவாலய வழிபாட்டு நாள், பெருவிருந்து நாள், கணக்குச் சமர்ப்பிக்கும் நாள், நலிந்தோருக்கும் விதவைகளுக்கும் செய்யும் தர்மம் என்று அச்சங்கத்தாரின் வருஷம் முழுவதும் சம்பிரதாயங்களால் பின்னப்பட்டது. தொழில் செய்வோர் கூட்டாக வாழும் இடங்களில் இத்தகைய அமைப்பு இயல்பாகவே தோன்றும் என்பதற்குத் தமிழர் சரித்திரமும் சாட்சி கூறும். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் வட்டாரத்தில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் கப்பலில் வருவோருக்கு விதித்த கட்டணத்தைக் குறிக்கிறது. தென் தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த அதற்கு முந்திய கல்வெட்டு, ஒரு குளம் மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரின் பாதுகாப்பில் விடப்பட்ட செய்தியைச் சொல்கிறது.

சாசனமும் மண்டபமும் பதிவேட்டில் பெயரும் இல்லாமல், மலாயாவின் கோலசிலாங்கூரிலும் வட சிலாங்கூரின் மற்றத் தோட்டங்களிலும் ரப்பர் மரம் சீவிப் பிழைத்த தமிழ் மக்கள் நடத்திவந்த வருஷமே இக்கட்டுரையின் பொருள். அவர்கள் கொண்டாடிய பண்டிகைகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பக்தியைப் பற்றியும் பொழுதுபோக்கைப் பற்றியுமே பேசுகின்றனர். கூலியின் மீதும் குடியிருப்பின் மீதும் தம் பிள்ளைகளின் எதிர்காலத்தின் மீதும் எவ்வித அதிகாரமும் இல்லாதிருந்த ஜனங்கள், தாமே வரி விதித்து, தாமே நிர்வாகிகளை நியமித்து, தாமே கணக்குக் கேட்ட ஒரே ராஜ்யம் அந்தத் திருநாள் வருஷந்தான் என்பது என் துணிபு.

சிலாங்கூர் ஆறு மலைச்சாரலில் பிறந்து, உலு சிலாங்கூரின் வழியாக இறங்கி, பத்தாங் பெர்ஜுந்தையைக் கடந்து, புக்கிட் மலாவாத்திக் குன்றின் பக்கமாகச் சென்று கடலில் கலக்கிறது. காபிப் பயிர் நலிந்தபின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பிரதேசத்துக்கு ரப்பர் வந்தது. 1910ஆம் ஆண்டை ஒட்டி அதன் விலை எட்டாத உயரத்துக்கு ஏறியபோது காடுகள் அழிந்து தோட்டங்கள் பெருகின. 1905ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்த ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த ஆற்றோரத்து ரந்தாவ் பஞ்சாங்கில் தோட்டம் போட்டார். 1917ஆம் ஆண்டில் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் அவர் செம்பனையை நட்டதே மலாயாவில் அப்பயிரின் வணிகச் சாகுபடிக்கு ஆரம்பம். தோட்ட வாழ்க்கையைக் கொண்டு அவர் எழுதிய 'மலேசி' என்னும் நாவல் 1930ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தின் கோன்கூர் பரிசைப் பெற்றது. பெரும்பாலான தோட்டங்களுக்கு உடைமையாளர்களோ லண்டனில் பதிவான கம்பெனிகள். அந்நகரத்து மின்சிங் லேன் வீதியில் ரப்பருக்கு விலை பேசப்பட்டது. பங்குதாரர் கூட்டமும் லாபப் பங்கீடும் அங்கேயே நடந்தன. மரத்தைச் சீவியவர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தவர்கள்.

அவர்களை அழைத்துவந்தவர் கங்காணி. 1907ஆம் ஆண்டில் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதியின் உதவியால் கப்பற் செலவு தொழிலாளியின் தலையில் விழாதபடி ஏற்பாடாயிற்று. 1910ஆம் ஆண்டில் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்டபின் கங்காணி முறையே பிரதானமாகி, 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரையில் நீடித்தது. கங்காணி தன் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் ஆள் சேர்த்தமையால், உறவுமுறையும் ஜாதிமுறையும் குலதெய்வ வழிபாடும் அந்த ஜனங்களுடனேயே கப்பலேறி வந்து, லயங்கள் என்னும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் குடியேறின. மாரியம்மன், காளியம்மன், முனீஸ்வரன், மதுரைவீரன் என்று ஊரில் எல்லை காத்த தெய்வங்கள் தோட்டத்திலும் எல்லைக்கு வந்து நின்றன. ஆரம்பத்தில் மரத்தடியில் நட்ட சூலமும் கல்லுமாக இருந்த இடம், பின்னர்த் தகரக் கொட்டகையாகி, நாளடைவில் கோபுரம் கண்டது.

கோயிலென்று ஒன்று ஏற்பட்டதும் அதற்கு நிர்வாகமும் ஏற்பட்டது. முதலில் பெரிய கங்காணியே தர்மகர்த்தா. பிறகு தலைவர், செயலாளர், பொருளாளர், டிவிஷன் தோறும் பிரதிநிதிகள் என்று கமிட்டி அமைந்தது. குடும்பத்துக்கு இவ்வளவு அல்லது ஆளுக்கு இவ்வளவு என்று கமிட்டி தீர்மானித்த வரியைப் பல தோட்டங்களில் எழுத்தரான கிராணியே செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டில் பிடித்துக் கொடுத்தார். தோட்டத்துச் சட்டதிட்டங்கள் அனைத்தையும் துரை எழுத, இந்த ஒரு வரியை மாத்திரம் தொழிலாளர் எழுதினர். நிர்வாகம் அதற்கு இடங்கொடுத்ததில் சுயநலமும் இருந்தது. கோயில் இருக்கும் தோட்டத்தில் ஆட்கள் நிலைத்திருப்பார்கள் என்பதைத் துரைமார் நன்கு அறிந்திருந்தனர். அந்த அனுமதியே தொழிலாளர் கூடிப் பேசுவதற்கும், கை தூக்கித் தீர்மானம் செய்வதற்கும், ஒருவரையொருவர் கேள்வி கேட்பதற்கும் இடமாயிற்று.

அவர்களுடைய வருஷம் தையில் தொடங்கியது. லயத்து வாசலில் பொங்கல் பொங்கி, மறுநாள் மாடு வைத்திருந்தவர்கள் மாட்டுக்கு மஞ்சள் பூசிக் கொண்டாடினார்கள். கே. தம்புசாமிப் பிள்ளை 1891ஆம் ஆண்டில் பத்துமலையில் ஸ்தாபித்த முருகன் சன்னிதிக்குத் தைப்பூசத்தன்று வட சிலாங்கூரின் தோட்டங்களெல்லாம் திரண்டன. தோட்டத்து லாரியில் காவடிக்காரர்களும் பால்குடக்காரர்களும் ஏறிக்கொள்ள, நேர்த்திக்கடன் தனியாருடையதாயினும் பயணம் தோட்டத்தின் பெயராலேயே நடந்தது. பிற தோட்டத்தாரைச் சந்திப்பதும், பெண் பார்ப்பதும், கூலி நிலவரம் விசாரிப்பதும் அந்த ஒரு நாளில் முடிந்தன.

மாசியிலும் பங்குனியிலும் ரப்பர் மரம் இலையுதிர்த்துப் பால் குறைந்து நிற்கும். துளிர் வந்து மரம் தேறும் சித்திரையை ஒட்டிப் பல தோட்டங்களில் மாரியம்மன் உற்சவம் கூடும். வேறு சில தோட்டங்கள் ஆடியில் நடத்தின. கொடியேற்றிக் காப்புக் கட்டிவிட்டால், கட்டிக்கொண்டவர் உற்சவம் முடியும் வரையில் எல்லை தாண்டலாகாது. ஒவ்வோர் இரவும் ஓர் உபயம்: ஒரு நாள் முதல் டிவிஷன், ஒரு நாள் இரண்டாம் டிவிஷன், ஒரு நாள் ஸ்டோர்க்காரர்கள், ஒரு நாள் கிராணிமார், ஒரு நாள் லாரி ஓட்டுநர்கள், ஒரு நாள் கடைக்காரர். அந்தந்த நாளின் அலங்காரம், பூஜை, அன்னதானம், வாண வேடிக்கை ஆகிய எல்லாவற்றுக்கும் உபயக்காரரே பொறுப்பு; முந்திய இரவைவிடத் தம் இரவு குறைந்துவிடலாகாது என்ற போட்டி ஒவ்வொருவருக்கும் உண்டு. தோட்டத்து வேலைப் பிரிவுகளே இங்கே சபைகளாக மாறி, பால் நிறுக்கும் கொட்டகையில் கூலியாளாக நின்றவன் உற்சவத்தில் உபயதாரனாக நின்றான். கரகம் ஜோடித்து வருவதும், தீமிதியும், மஞ்சள் நீராட்டும் முடிந்தபின், விடிய விடிய வள்ளி திருமணமோ அர்ச்சுனன் தபசோ நடக்கும்.

புரட்டாசியில் சனிக்கிழமை விரதம்; தொடர்ந்து நவராத்திரி; அதன் நிறைவில் ஆயுத பூஜை. இந்த ஒரு நாளைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். முந்திய நாள் வேலை முடிந்ததும் கத்திகள் சாணைக் கல்லில் தீட்டப்பட்டு, பால் கறை போகத் தேய்த்துக் கழுவப்படும். வாளியும், பால் ஏந்தும் மங்கும், வாளி தூக்கும் காண்டாக் கம்பும், ஒட்டுப்பால் கூடையும் துலக்கப்பட்டு, வீட்டு முற்றத்திலோ ஸ்டோரிலோ வரிசையாக வைக்கப்படும். நுனி வளைந்த அந்தச் சிறு கத்தியின்மேல் சந்தனமும் குங்குமமும் இட்டு, பொரியும் சுண்டலும் படைத்து, கற்பூரம் காட்டுவார்கள். பட்டையை மெல்லிய சீவலாக எடுப்பதே பால் வெட்டுவோரின் வித்தை. ஆழம் மிகுந்தால் மரம் காயப்பட்டுக் கங்காணியின் ஏச்சு விழும், ஆழம் குறைந்தால் பால் குறைந்து கூலி குறையும். நாள்தோறும் இருட்டில் பெரட்டு என்னும் ஆட்கணக்கெடுப்புக்கு நின்று, தலைவிளக்கோடு நிரைக்குள் புகுந்து, வெயில் ஏறுமுன் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி முடிக்கும் ஒருவனுக்கு, அன்று மாத்திரம் அந்தக் கத்தி கைவிட்டு நீங்கி இளைப்பாறியது. லண்டன் சங்கங்கள் தம் தொழிலின் கருவிகளைக் கேடயத்திலே சின்னமாகப் பொறித்து வைத்திருக்கின்றன. தோட்டத்து ஜனங்கள் கருவியையே தெய்வமாக்கி வணங்கினர்.

தீபாவளி ஐப்பசி மழையில் வரும். மழை பெய்தால் மரம் சீவ இயலாது; சீவாத நாளுக்குக் கூலி கிடையாது. ஆகையால், ஆண்டின் மிகப் பெரிய செலவும் ஆண்டின் மெலிந்த சம்பளமும் ஒரே மாதத்தில் சந்தித்தன. தீபாவளி முன்பணம் என்று நிர்வாகம் கொடுத்ததும், துணிக்கடையிலும் மளிகைக் கடையிலும் ஏறிய கடனும் தையில்கூடத் தீர்வதில்லை. கார்த்திகையில் லயத்து வாசல்தோறும் அகல் எரியும். மார்கழியில் பஜனைக் கோஷ்டி லயம் லயமாகச் சென்று பாடும். இவற்றுக்கிடையே பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டி, தோட்டத்துக்குத் தோட்டம் ஆடிய காற்பந்தாட்டம், திடலில் வெள்ளைத் திரை கட்டி மாதம் ஒரு முறை காட்டிய தமிழ்ப் படம் என்று லௌகிகமான கூடுகைகளும் சேர்ந்து வருஷத்தை நிரப்பின. கல்யாணத்துக்கு மொய் எழுதுவதும், வீடு வீடாக வசூலித்துச் சாவு வீட்டுக்குக் கொடுப்பதும் அதே கமிட்டியாரின் கடமையாகக் கருதப்பட்டன.

முதல் மரியாதை யாருக்கு என்ற கேள்விதான் இந்த அமைப்பின் மிகக் கடினமான முடிச்சு. பரிவட்டம் பெரிய கங்காணிக்கா, தலைவருக்கா, மாலை சூட்டி வரவேற்கப்பட்ட துரைக்கா; கரகம் எந்த லயத்தின் வழியே முதலில் போக வேண்டும்; எந்த ஜாதியார் எந்த உபயத்துக்கு உரியவர் என்பவற்றில் மனஸ்தாபங்கள் எழுந்து, சில இடங்களில் கைகலப்பாகவும் முடிந்திருக்கின்றன. இத்தகைய சண்டை நமக்கே உரிய குறை என்று எண்ண வேண்டுவதில்லை. லண்டனில் தையற்காரர் சங்கமும் தோல் வணிகர் சங்கமும் தமக்குள் யார் முந்தியவர் என்று நெடுங்காலம் பகைத்து நின்று, 1484ஆம் ஆண்டில் நகரத் தலைவர் ராபர்ட் பில்லெஸ்டன் அளித்த தீர்ப்பின்படி, ஆண்டு மாற்றி ஆண்டு ஆறாம் இடத்தையும் ஏழாம் இடத்தையும் வகிக்கவும், ஆண்டுதோறும் ஒருவர் மண்டபத்தில் மற்றவர் விருந்துண்ணவும் உடன்பட்டன. தோட்டத்துப் பெரியவர்கள் அத்தீர்ப்பைக் கேள்விப்பட்டவர்கள் அல்லர். ஆயினும் உபயங்களைச் சுழற்சி முறையில் மாற்றியும், சமபந்தியில் அன்னதானம் வைத்தும், அதே விவேகத்தைப் பல இடங்களில் தாமே கண்டுபிடித்தனர். எல்லா இடத்திலும் அந்த விவேகம் வெல்லவில்லை. ஜாதியின் காரணமாக ஒதுக்கப்பட்டவர்கள் உண்டு. மரம் சீவியவர்களில் பெருந்தொகையினரான பெண்கள், மாவிளக்கும் பால்குடமும் சுமந்தார்களேயன்றி, கமிட்டியில் இடம் பெற்றார்களில்லை. இக்குறைகளை மறைத்து எழுதுவது அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதையாகாது.

உற்சவத்தின் உண்மையான கடைசி நாள், கொடியிறக்கத்துக்குப் பின்னர் வரும் கணக்கு வாசிக்கும் நாள். கோயில் முன்றிலில் ஜனங்கள் உட்கார்ந்திருக்க, செயலாளர் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து வரவு, செலவு, இருப்பு என்று ஒவ்வொன்றாக வாசிப்பார். பூமாலைக்கு இவ்வளவு, மேளக்காரருக்கு இவ்வளவு, அரிசிக்கு இவ்வளவு என்று போகையில், எழுதப்படிக்கத் தெரியாத கிழவரொருவர் எழுந்து, சென்ற வருஷம் அரிசிக்கு ஆன செலவு இதைவிடக் குறைவு, மிச்சம் எங்கே என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லாமல் கூட்டம் கலைவதில்லை. தன்னை ஆளும் கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கண்ணால்கூடக் காணாத மனிதன், தன் வரிப்பணத்துக்குப் பொறுப்பானவரை நிறுத்திக் கேள்வி கேட்ட இடம் அதுவே.

அக்கேள்வி கோயில் முன்றிலோடு நிற்கவில்லை. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்தபின், சீர்திருத்தச் சங்கங்கள் தோன்றி, காவடிக்கும் தீமிதிக்கும் செலவாகும் பணம் கல்விக்குச் செல்ல வேண்டும் என்று வாதிட்டன. ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்த நாட்கூலி பொருளாதார வீழ்ச்சியில் அடிபட்டு, ஆயிரக்கணக்கானவர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1936ஆம் ஆண்டில் மலாயா மத்திய இந்தியர் சங்கம் உருவாயிற்று. மறு ஆண்டில், மலாயாவில் இந்தியத் தொழிலாளரின் நிலைமை பற்றிய வி.எஸ். சீனிவாச சாஸ்திரியின் அறிக்கை வெளிவந்தது. 1941ஆம் ஆண்டில் ஆர்.எச். நாதனின் தலைமையில் கிள்ளான் வட்டாரத்தில் எழுந்து சிலாங்கூரின் பல தோட்டங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றும் தொழிலாளர் கோரினர். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர், நாதன் நாடு கடத்தப்பட்டார். பரிவட்டத்தின் மதிப்பை வருஷந்தோறும் பழகியறிந்தவர்கள், சைக்கிளிலிருந்து இறங்குவதில் உள்ள அவமதிப்பையும் கோரிக்கைப் பட்டியலில் எழுதியதில் வியப்பில்லை. அடுத்து ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை வேலை பல்லாயிரம் தமிழரை விழுங்கி, உபயக்காரர் இல்லாத உபயங்களையும் தலைவர் இல்லாத குடும்பங்களையும் தோட்டங்களில் விட்டுச்சென்றது. 1948இல் பிறந்த அவசரகாலத்தில் முள்வேலியும் ஊரடங்கும் இரவு உற்சவத்தை நெருக்கின. 1954ஆம் ஆண்டில் பி.பி. நாராயணனின் முயற்சியால் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஒன்றுபட்டு எழுந்தபோது, சந்தா வசூலிக்கவும், கூட்டம் நடத்தவும், கணக்கு ஒப்புவிக்கவும் நன்கு பழகிய ஜனங்கள் தோட்டந்தோறும் தயாராக இருந்தனர்.

பின்னர்த் தோட்டங்களே கலைந்தன. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலும், ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், நகர வளர்ச்சியும் லயங்களைக் காலி செய்தன. பத்தாங் பெர்ஜுந்தை 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. அவ்வட்டாரத்து மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் பழைய தொழிலாளர் சொந்த வீட்டுக்காக நெடுங்காலம் போராடினர். கோயில் நின்ற நிலம் கோயிலின் பெயரில் இல்லாதிருந்தமையால், நூற்றாண்டு வழிபாடு கண்ட சன்னிதிகளும் பல இடங்களில் இடம் பெயர நேர்ந்தது. தோட்டம் போன பின்னும் தமிழ்ப் பள்ளிகள் சில தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஆங்காங்கே எஞ்சிய கோயில்களில், நகரங்களுக்குக் குடிபெயர்ந்தோரின் பிள்ளைகள் உற்சவத்துக்குத் திரும்பிவந்து, தங்கள் பாட்டனார் ஏற்ற உபயத்தை அதே நாளில் செய்துவருகின்றனர். சங்கத்தைப் பிறப்பித்த தொழில் மறைந்த பின்னும் சங்கத்தின் வருஷம் நிலைத்திருக்கக் கூடும் என்பதற்கு, துணி விற்காத துணி வணிகர் சங்கத்தாரைப் போலவே, மரம் சீவாத இந்தச் சந்ததியாரும் உதாரணம்.

ஆனால், முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. லண்டன் சங்கங்களின் பழங்கணக்குகள் பலவும் கில்டுஹால் நூல்நிலையத்தில் பாதுகாக்கப்பட்டு, சரித்திர ஆசிரியர்கள் அவற்றைக் கொண்டு நகரத்தின் வாழ்க்கையையே எழுதுகின்றனர். நம் தோட்டங்களின் வரவு செலவு நோட்டுகளும், உற்சவ அழைப்பிதழ்களும், உபயப் பட்டியல்களும், கமிட்டித் தீர்மானங்களும் தகரப் பெட்டிகளில் கரையான் அரித்துக் கிடக்கின்றன. லயம் இடிந்த நாளில் குப்பையோடு எரிந்தவை எத்தனையோ. கம்பெனிகளின் அறிக்கைகளிலிருந்து எத்தனை ராத்தல் ரப்பர் விளைந்தது என்பதை அறியலாம். விளைவித்தவர்கள் தங்களை எவ்வாறு ஆண்டுகொண்டார்கள் என்பதை அந்த நோட்டுகள் மாத்திரமே சொல்லும். ஆகவே, கோலசிலாங்கூரிலும் உலு சிலாங்கூரிலும் பழைய தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் ஆகியோரின் குடும்பத்தார், தம்மிடமுள்ள ஏடுகளை வீடு மாறும்போது எறிந்துவிடாமல், அருகிலுள்ள தமிழ்ப் பள்ளியிலோ நூல்நிலையத்திலோ ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு கோயில் கமிட்டியும் இவ்வருஷத்து உற்சவச் செலவில் ஒரு சிறு பகுதியை அவற்றைப் படியெடுத்துக் காப்பதற்கு ஒதுக்க வேண்டும். அடுத்த கணக்கு வாசிப்பில் அச்செலவை எழுந்து ஆட்சேபிப்பவர் யாரும் இருக்கமாட்டார் என்றே நம்புகிறேன்.